திரிப்போலி அம்மாவுக்குக் காவலிருந்த பின்னேரம்

இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் ஓய்வு. மற்றப் பெண்கள் கடைக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் துறைமுகப் பக்கம் போய்க் கப்பல் பார்ப்பார்கள். எனக்கு அந்த நேரத்தை என்ன செய்வதென்று வெகுகாலம் தெரியவில்லை. கணவருக்கு மொண்டெல்லோவில் ஒரு உணவகத்துக் குசினியில் சமையல் வேலை. அவருடைய ஓய்வு திங்கட்கிழமை. பிள்ளைகள் இல்லை. நான் சிஞ்ஞோரா, அதாவது அம்மா, என்று கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும் கிழவி தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை மகள் வந்ததும் என்னை வெளியே துரத்திவிடுவார். "போ, போய்க் கொஞ்சம் வெயில் காய். உன்ரை முகம் மெழுகுதிரி மாதிரிக் கிடக்கு" என்பார். அவர் இத்தாலியனில் சொல்வதெல்லாம் எனக்குள் எங்கள் பேச்சாகத்தான் பதிகிறது. இங்கேயும் எல்லோருடைய பேச்சையும் அப்படியே எழுதுகிறேன்.

ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் வரும் பழைய தெருக்களில் பெயர்ப் பலகைகள் மூன்று மொழிகளின் எழுத்துகளில் இருக்கும். மேலே இத்தாலியன். கீழே உள்ள இரண்டும் அரபு என்றே பல வருடம் நினைத்திருந்தேன்; ஒன்று யூதர்களின் எபிரேயம் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு மாரிகாலத்து வியாழக்கிழமை குடையில்லாமல் அங்கே மழையில் மாட்டிக்கொண்டு, திறந்திருந்த ஒரு கதவுக்குள் ஒதுங்கினேன். உள்ளே நீள மேசை, சுற்றிவரச் சிலர். மேசையின் தலைப்பில் நின்ற பெண் என்னைப் பார்த்து, "வாங்கோ, இடமிருக்கு, இருங்கோ" என்றார். மழைக்கு ஒதுங்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இருந்துவிட்டேன்.

அது பெரியவர்களுக்கான வகுப்பு. யூதர்கள் எப்படி வழிபடுகிறார்கள், எப்படிச் சமைக்கிறார்கள், எப்படிக் கலியாணம் கட்டுகிறார்கள், எப்படிச் சாகிறார்கள் என்பதெல்லாம் பாடம். யாரும் வரலாம். அந்தத் தெருக்கள் முழுவதும் ஒரு காலத்தில் அவர்களுடையவை. ஐந்நூறு வருடங்களுக்கு முன், அரசன் மதம் மாறு அல்லது வெளிக்கிடு என்றான், வெளிக்கிட்டார்கள். இப்போது இந்த நகரத்தில் இருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆசிரியை பக்கத்து ஊரான பகேரியாவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், வெகுகாலம் படித்து நடு வயதில் யூதராக மாறியவர். மருந்துக்கடையில் வேலை முடித்து ரயிலேறி வருவார். படிக்க வந்தவர்களில் இரண்டு பேர் எனக்கு நெருக்கமானார்கள். ஒருவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய குடும்பப் பெயர் ஒரு ஊரின் பெயர். அப்படிப் பெயருள்ளவர்கள் அந்தக் காலத்தில் மதம் மாறிய யூதர்களின் வழிவந்தவர்களாக இருக்கலாம் என்று யாரோ சொல்லி, அன்றிலிருந்து தனக்கு ஒழுங்காக நித்திரையில்லை என்பார். மற்றவர் லிபியாவின் திரிப்போலியிலிருந்து இளம் பெண்ணாக ஒரு சூட்கேஸோடு கப்பலேறி வந்த யூதப் பெண். எண்பது தாண்டிவிட்டார். கணவர் இறந்து, தனியே இருந்தார். நான் மனதுக்குள் அவரைத் திரிப்போலி அம்மா என்று கூப்பிடத் தொடங்கினேன். சிறுத்த உடம்பு, தொண்டைக்குள்ளிருந்து வரும் ஆண் குரல்.

அந்த முதல் நாள் ஆசிரியை சொன்னது, ஆட்களை எண்ணக் கூடாது என்பது. கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும்; ஆனால் தலைகளை விரல் நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார்கள். எண்ணினால் எண்ணப்பட்டவர்கள் மேல் கண் விழும் என்று பயம். அதனால் பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தைச் சொல்லி ஆளுக்கொரு சொல் கொடுப்பார்கள். வீட்டுப் பெண்களென்றால் ஒன்றில்லை, இரண்டில்லை, மூன்றில்லை என்று போவார்கள்.

நான் வன்னியிலிருந்து வந்தவள். சண்டை முடிந்த பிறகு முட்கம்பிக்குள் இருந்த மாதங்களில் எங்களைக் காலையிலும் மாலையிலும் எண்ணினார்கள். விரலால், தடியால், சிலவேளை துவக்குக் குழலின் நுனியால். மழை விட்டிருந்தும் நான் வகுப்பு முடியும் வரை எழும்பவில்லை. அடுத்த வியாழனும் போனேன்.

வசந்தத்தில் ஆசிரியை எங்களை ஒரு பழைய கட்டடத்தின் முற்றத்துக்குக் கீழே கூட்டிப் போனார். பாறையைக் குடைந்த படிகள், அடியில் ஊற்றுத் தண்ணீர். அந்தக் காலத்து யூதப் பெண்கள் கலியாணத்துக்கு முன்னும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் முழுகிய இடம் அதுதான் என்று சிலர் சொல்கிறார்கள், இல்லை என்று சிலர். இரும்புப் படலையைத் திறந்துவிட்ட காவலாளி நாங்கள் இறங்க இறங்க விரலை நீட்டி எண்ணினார். ஆசிரியை சிரித்துக்கொண்டே, "அப்பிடி எண்ணாதீங்கோ" என்றார். "எண்ணாட்டி நான் ஆரையும் உள்ளை வைச்சுப் பூட்டிப்போடுவன், சிஞ்ஞோரா" என்றார் அவர்.

கீழே குளிர். தண்ணீர் அசையவில்லை, கைபேசி வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் அது தண்ணீர் என்று தெரிந்தது. ஆசிரியை பேசி முடித்து, கொஞ்ச நேரம் எல்லோரும் சும்மா நிற்போம் என்றார். அந்த அமைதியில், தண்ணீரின் மறுபக்கத்து இருட்டில், ஒருவர் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. முழுகி எழும்புகிறவர்கள் வாயால் இழுப்பார்களே, அந்த மூச்சு. பிறகு ஈரத் தலைமயிரைப் பிழிந்ததுபோலச் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. திரிப்போலி அம்மா என் கையைப் பிடித்தார்.

"கேட்டதோ?"

"ஓம்."

"வேறை ஆருக்கும் சொல்லாதை. பயந்திடுவினம்."

மேலே வந்ததும் காவலாளி எங்களை மறுபடி எண்ணினார். எண்ணிவிட்டுப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னும் ஒரு பொம்பிளை வரவேணும்" என்றார். ஆசிரியை எங்களைப் பார்த்தார். எல்லோரும் நின்றோம். "இல்லை, எல்லாரும் வந்திட்டம்" என்றார். காவலாளி டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். தனியே ஏறி வந்தார். பூட்டைப் படலையில் மாட்டினார், திறப்பைப் போட்டுத் திருப்பவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போய்த் தன் கதிரையில் இருந்தார்.

அதற்குப் பிறகு வந்த பாடம்தான் என்னை உலுப்பியது. இறந்தவரைப் பற்றியது. உயிர் போன நேரத்திலிருந்து மண்ணுக்குள் வைக்கும் வரை உடலைத் தனியே விடக் கூடாது. யாராவது பக்கத்தில் இருந்து, வேதத்துத் துதிப் பாட்டுகளான சங்கீதங்களை வாசிக்க வேண்டும். அந்த அறையில் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. இறந்தவரால் இனி அதெல்லாம் முடியாது, அவருக்கு முன்னால் அதைச் செய்வது அவரைக் கேலி செய்வதுபோல. கண்ணாடிகளை மூட வேண்டும். வீட்டில் நிறைத்து வைத்த தண்ணீரையெல்லாம் ஊற்றிவிட வேண்டும்.

"தண்ணியை ஏன்?" என்று துறைமுகத்துக்காரர் கேட்டார்.

"மரணத்தின்ரை தூதன் தன்ரை கத்தியை வீட்டுத் தண்ணியிலை கழுவிப்போட்டுப் போறான் எண்டு பழைய ஆக்கள் சொல்லுவினம்" என்றார் ஆசிரியை.

நான் எழும்பி வெளியே வந்தேன். அதற்கடுத்த வியாழக்கிழமைகளில் போகவில்லை.

ஒரு காலை, பல்லாரோ சந்தையில் சிஞ்ஞோராவுக்குப் பெருஞ்சீரகக் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் அந்தத் தடித்த குரல் கேட்டது. "ஏன் பிள்ளை வகுப்புக்கு வாறேல்லை?"

மீன்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் சொல்வது சுலபமாக இருந்தது. எனக்கு ஒரு அக்கா இருந்தா என்று சொன்னேன். கடைசி நாட்களில், கடலேரிக் கரையில், நாங்கள் போய்க்கொண்டிருந்த வழியில் ஷெல் விழுந்து செத்துப்போனா. அவவின் சேலையாலேயே மூடிவிட்டு நடந்தோம். நின்றவர்கள் எல்லோரும் செத்தார்கள், அதனால் நிற்கவில்லை. யார் அடக்கம் பண்ணினார்கள், பண்ணினார்களா என்று இன்றுவரை தெரியாது.

திரிப்போலி அம்மா நான் சொல்லி முடிக்கும்வரை கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் செத்தால் நீ வந்து எனக்குப் பக்கத்திலை இருப்பியோ?" என்று கேட்டார். "இஞ்சை நாங்கள் கொஞ்சப் பேர். எல்லாரும் வேலைக்குப் போறவை. எனக்குத் தனியக் கிடக்கப் பயம்."

"நான் யூதப் பொம்பிளை இல்லையே."

"இருக்கத் தெரிஞ்சால் போதும்."

"இருப்பன்" என்றேன்.

அந்த வருடம் மழை பொய்த்து, எங்கள் பகுதிகளுக்குக் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வந்தது. கூரைத் தொட்டிகள் காய்ந்து கிடந்தன. ஒக்டோபரில் ஒரு புதன்கிழமை விடிய ஆசிரியை எனக்குத் தொலைபேசி எடுத்தார். திரிப்போலி அம்மா நித்திரையிலேயே போய்விட்டார். உடலைக் கழுவி வெள்ளைத் துணி உடுத்தும் பெண்கள் நேப்பிள்ஸிலிருந்து யூத மதகுருவான ரபியோடு கப்பலில் வர வேண்டும். வியாழன் காலை வந்துவிடுவார்கள். ஆனால் புதனன்றே ஷிரொக்கோ காற்று பிடித்துக்கொண்டது. ஆபிரிக்காவிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வரும் சூட்டுக் காற்று. கப்பல் வெளிக்கிடவில்லை. விமானங்களும் இறங்கவில்லை. ஆசிரியை ஒரு நாளும் இரவும் பக்கத்திலேயே இருந்து களைத்துவிட்டார். நான் இருக்கலாமா என்று ரபியிடம் கேட்டதற்கு, பகலில் இருக்க வேறு யாரும் இல்லையென்றால் அந்தப் பெண் இருக்கட்டும் என்றாராம். வியாழன் மத்தியானம் நான் போனேன்.

நான்காம் மாடி. நீளமான, யன்னல் குறைந்த வீடு. கண்ணாடிகள் மேல் படுக்கை விரிப்புகள் தொங்கின. கட்டிலுக்குப் பதில் நிலத்தில் கிடத்தி, வெள்ளைத் துணியால் முகமும் சேர்த்து மூடியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு மெழுகுதிரி. குளிரூட்டும் பெட்டி ஒன்று அறை மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. ஆசிரியை சங்கீதப் புத்தகத்தை என் கையில் தந்தார். ஒரு பக்கம் எபிரேயம், மறுபக்கம் இத்தாலியன்.

"ஏதும் எண்டால் எடுங்கோ. அறையை விட்டுப் போகாதீங்கோ. நான் கொஞ்சம் படுத்திட்டு வாறன்."

"தண்ணியெல்லாம் ஊத்தியாச்சோ?"

"ஊத்தியாச்சு. குழாயிலையும் வரேல்லை. கூரைத் தொட்டியும் காலி."

அவர் கதவைச் சாத்திப் பூட்டும் சத்தம் கேட்டது. துறைமுகத்துக்காரர் கப்பல் விபரம் கேட்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தார். நானும் திரிப்போலி அம்மாவும்.

வாசிக்கத் தொடங்கினேன். என் இத்தாலியன் கடைக்கும் வைத்தியருக்கும் போதும், சங்கீதத்துக்குப் போதாது. தடுக்கித் தடுக்கி வாசித்தேன். வெளியே வானம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, யன்னல் கண்ணாடியில் மண் படிந்து, பின்னேரத்திலேயே அறை மங்கியது. மெழுகுதிரிச் சுடர் அசையாமல் நின்றது. வெள்ளைத் துணி மட்டும் சிலவேளை அசைந்ததுபோலத் தெரிந்தது. குளிரூட்டியின் காற்று என்று சொல்லிக்கொண்டேன். பிறகு மின்சாரம் நின்றது. குளிரூட்டியும் நின்றது. அப்போதும் துணி ஒருமுறை அசைந்தது.

நான் வாசிப்பதை விடவில்லை.

குசினியில் தண்ணீர் விழத் தொடங்கியது.

முதலில் சொட்டு, பிறகு நூலாக. கழுவுதொட்டியின் அடியில் தண்ணீர் படும் சத்தம் நன்றாகத் தெரிந்தது. தண்ணீர் முறை வந்துவிட்டது, குழாயைத் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படியென்றால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இது கொஞ்ச நேரம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. ஒருவர் எதையோ அதில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கழுவுகிறதுபோல. ஆசிரியை சொன்ன கத்தி ஞாபகம் வந்தது. எழும்பிப் போய்ப் பார்க்கலாம், சில அடிதான். ஆனால் போனால் அம்மா தனியே. "ஆர் அது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. குழாய் நின்றது.

பிறகு செருப்புச் சத்தம். குசினியிலிருந்து நடை வழியால், அவசரமில்லாமல், அறை வாசல் வரை வந்து நின்றது. எனக்கு வாசல் முதுகுப் பக்கம். திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கழுத்து திரும்பவில்லை, அவ்வளவுதான். மண் வாசம் வந்தது. ஷிரொக்கோ மண்ணின் காய்ந்த வாசம் அல்ல. உப்பும் சேறும் கலந்த ஈர மண்.

"நீ எழும்பிப் போ. நான் இருக்கிறன்."

தமிழில். அக்காவின் குரலில். அந்தக் குரலை நான் மறந்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். வருடக்கணக்காக நினைத்துப் பார்த்தும் முகம்தான் வந்தது, குரல் வந்ததில்லை. இப்போது கேட்டவுடன், 'எழும்பி' என்ற சொல்லை அவ இழுக்கும் விதம்கூட அப்படியே இருந்தது. வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது. அதே நேரம் கைவிரல்கள் விறைத்துப் போயின. அந்த இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எழும்பவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், புத்தகத்தைப் பார்த்தபடியே, "அப்ப நீயும் இரு" என்றேன்.

எனக்குப் பின்னால் நிலத்தில் ஒருவர் இருந்ததுபோல உடுப்பு உரசியது. நான் விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். வெளிச்சம் குறைந்து எழுத்துத் தெரியாமல் போனபோது இத்தாலியனை விட்டுவிட்டேன். அக்காவும் நானும் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பாடிய தேவாரம் ஒன்று வந்தது, அதைச் சொன்னேன். பாதியில் வரி மறந்தது. மறந்த இடத்தில் நான் நிற்கவில்லை என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எப்படி நிற்காமல் போனேன் என்பது ஞாபகம் இல்லை.

கதவில் திறப்புத் திரும்பும் சத்தம் கேட்டதும் பாட்டை நிறுத்தினேன். ஆசிரியை கையில் டோர்ச்சோடு நடை வழியில் நின்றார். உள்ளே வரவில்லை.

"ஆர் உங்களோடை இருந்தது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை."

"படியிலை ஏறி வரேக்கை கேட்டன். ரெண்டு பொம்பிளையள் சேந்து பாடினமாதிரி. உங்கடை ஊர்ச் சிநேகிதி ஆரையும் கூப்பிட்டீங்கள் எண்டு நினைச்சன்."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். வெறும் நிலம். ஆசிரியை குசினிக்குப் போனார். திரும்பி வந்து, "நீங்கள் எழும்பிக் குழாயைத் திறந்தீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"குழாய் பூட்டித்தான் கிடக்கு. கழுவுதொட்டி நனைஞ்சிருக்கு."

கண்ணாடியை மூடியிருந்த விரிப்பு ஒன்றைக் கழற்றாமல், அதன் நுனியை மட்டும் சரிசெய்தார். தண்ணீர் முறை வந்திருக்கும் என்று நான் சொன்னேன். ஓம், வந்திருக்கும் என்று அவரும் சொன்னார். அவர் குழாயைத் திறந்து பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. இரவு முறைக்கு, வேலை முடித்து, இன்னொரு பெண் வந்தார். நான் வீட்டுக்குப் போனேன்.

கப்பல் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. துறைமுகத்துக்காரர் தன் பழைய சிநேகிதர்களிடம் சொல்லி அவர்களுடைய வாகனத்தை முதல் ஆளாக இறக்கிவித்தார். பெண்கள் உடலைக் கழுவினார்கள், அதற்கு நான் உள்ளே போகக் கூடாது, வெளியே நின்றேன். வெள்ளி மாலை இருட்டுமுன் அடக்கம் முடிய வேண்டும், அவர்களுடைய ஓய்வு நாள் தொடங்கிவிடும். காற்று அடங்கியிருந்தது. கல்லறைத் தோட்டத்தின் ஓரத்து மூலையில் வைத்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் மண் போட்டோம். நான் போட்ட மண் காய்ந்து பொடியாக இருந்தது. அக்காவுக்கும் சேர்த்து என்று மனதுக்குள் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அது திரிப்போலி அம்மாவின் இடம்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "காத்துச் சத்தம். நித்திரையும் தூங்கியிருப்பாய்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "உன்ரை அக்கா வேறை ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் அக்காவைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு நாங்கள் அவவைப் பற்றி நிறையக் கதைத்தோம். அவ சைக்கிள் ஓடப் பழகிய கதை, அவவின் கோபம், மாங்காய்க்கு அவ உப்புப் போடும் கணக்கு. சிரித்தோம்கூட.

திங்கட்கிழமை சிஞ்ஞோராவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அந்த யூதக் கிழவியின் வீட்டில் என்ன செய்தாய் என்று கேட்டார். இருந்தேன் என்றேன். எவ்வளவு நேரம் என்றார். பின்னேரம் முழுக்க என்றேன்.

"சும்மா இருந்தனியோ?"

"வாசிச்சன். பிறகு பாடினன்."

அவர் யோசித்தார். "எனக்கும் வந்து இரு. பாதிரியார் வருவார், மகள் வருவாள், எல்லாரும் கொஞ்ச நேரத்திலை கோப்பி குடிக்கப் போயிடுவினம். எனக்குத் தெரியும்."

"இருக்கிறன்."

"ஆனால் ஆரையும் கூட்டிக்கொண்டு வராதை" என்றார்.

அங்கே கேட்ட குரலைப் பற்றி நான் அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சீப்பு கையிலேயே நின்றது. சிஞ்ஞோரா கண்ணை மூடிக்கொண்டு, மிச்சத்தையும் வாரச் சொல்லித் தலையை என் பக்கம் சாய்த்தார்.